கதவோரத்து ஏழு தொட்டிகள்

மார்ச் 3, செவ்வாய்

இன்று தம்பியின் முகத்தில் பதினொரு கொசுக்கடி. எண்ணினேன். கழுத்துக்குக் கீழே எங்கே கடித்தாலும் அவனுக்குத் தெரியாது. முகத்தில் கடித்தால் தெரியும். தெரிந்து என்ன செய்ய? கையைத் தூக்கி அடிக்க முடியாதே. லைன்மேன் வேலையில் மின்கம்பத்திலிருந்து விழுந்து ஒன்றரை வருடமாகிறது.

தையற்கடையிலிருந்து வந்து பார்த்தால், கன்னத்தில் ஒன்று வயிறு சிவக்கக் குடித்துவிட்டு அசையாமல் இருந்தது.

"அடிக்காதக்கா. அதுவும் என்னை மாதிரி நகர முடியாம உக்காந்திருக்கு."

நான் சிரிக்கவில்லை. அடித்தேன்.

மார்ச் 5, வியாழன்

கொசுவர்த்தி கூடாது. புகை பட்டால் அவனுக்கு நெஞ்சு கட்டிக்கொள்கிறது, இருமவும் பலமில்லை. கட்டிலுக்கு வலை கட்டினால் முகத்துக்கு மேலே துணி தொங்குகிறது, மூச்சு முட்டுகிறது என்று கத்துகிறான். ஜன்னலுக்கு வலை அடித்தாயிற்று; கதவு வழியாக வருகின்றன. கதவைச் சாத்தினால் அறை புழுங்கிப்போகிறது.

சாயங்காலம், கூரையைப் பார்த்தபடி சொன்னான்: "நடமாட முடியாதவங்களப் பாத்துக்கற அந்த இல்லத்துல எனக்கு இடம் கேட்டு வைக்கா. நீ எத்தனை நாள் விசிறிக்கிட்டு உக்காருவ?"

"வாய மூடுடா."

"வேலை செய்யறது அது ஒண்ணுதான். அதையும் மூடச் சொல்றியா?"

மாட்டேன். அனுப்ப மாட்டேன். அப்பா அம்மா போனபிறகு இடுப்பில் தூக்கி வளர்த்தவனை ஒரு கொசுவுக்குப் பயந்து வெளியே அனுப்புவேனா?

மார்ச் 8, ஞாயிறு

நர்சரிக்குப் போனேன். எலுமிச்சைப் புல் இரண்டு, துளசி இரண்டு, நொச்சி, ஓமவல்லி, சாமந்தி. "வாசல்ல வச்சாப் போதும்மா, கொசு இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்காது" என்றார் நர்சரிக்காரர். ஏழு தொட்டிகளையும் கதவின் இருபுறமும் வரிசையாக வைத்தேன். வாசல் சேறாகக் கூடாது என்று வீட்டுக்காரம்மா சொன்னதால் அடியில் தொட்டிக்கொரு தட்டு.

"என்னக்கா, எனக்கு அணிவகுப்பு மரியாதையா?"

பேசட்டும். பேசுகிறானே, அது போதும்.

மார்ச் 10, செவ்வாய்

ஒன்பது. செடி வேர் பிடிக்க நாளாகும். இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றுகிறேன்.

மார்ச் 14, சனி

பன்னிரண்டு.

மார்ச் 19, வியாழன்

பதினாறு. ஒன்று இமையில். வலது கண் பாதி மூடிவிட்டது. காலையில் அவனைக் கவனிக்க வந்த நர்ஸ் முகம் சுளித்தார்: "கண்ணுக்கிட்ட புண்ணாச்சுன்னா யாரு பதில் சொல்றது? ஏதாவது பண்ணுங்கம்மா."

ஏதாவது! ஏழு தொட்டி வைத்திருக்கிறேனே, கண்ணில் படவில்லையா? துளசியை வேரோடு பிடுங்கப் போய், கையை இழுத்துக்கொண்டேன்.

மார்ச் 20, வெள்ளி

எழுதவே கூசுகிறது.

தம்பி கூப்பிட்டான். "நான் சும்மாதானே கெடக்கேன், ஒரு வாரமா பாத்துட்டே இருக்கேன். முன்னெல்லாம் தெருப் பக்கத்துலேருந்து வரும். இப்ப தரையோரமா வருது. உன் தொட்டிகிட்டேருந்து."

"உளறாதே."

"போய்ப் பாரேன்."

போனேன். முதல் தட்டிலேயே தேங்கின தண்ணீரில் நூல் நூலாகப் புழுக்கள், நெளிந்துகொண்டு. ஏழு தட்டிலும்! ரெண்டு வேளையும் நானே தண்ணி ஊத்தி, நானே வளத்து — என் தம்பியைக் கடிக்கறதுக்கு — கடவுளே, நான் என்ன மனுஷி?

வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன்.

உள்ளேயிருந்து குரல்: "அழுது முடிச்சிட்டியா? குளியலறை வாளியையும் பாரு."

பார்த்தேன். அதிலும்.

மார்ச் 22, ஞாயிறு

தட்டுகளைக் கழுவி ஒழித்தேன். தொட்டிகளைச் செங்கல் மேல் ஏற்றினேன். வாளி, குளிர்பெட்டியின் பின்தட்டு, ஜன்னலில் இருந்த பழைய ஜாடி — எல்லாம் கவிழ்த்தாயிற்று.

நர்சரிக்காரரிடம் நேரே போய்க் கேட்டேன். தலையைச் சொறிந்தார். "செடி சும்மா நின்னா வாசனை இலைக்குள்ளேயேதான் இருக்கும். கசக்கணும்மா."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க கேக்கலியே."

இப்படியும் ஒரு மனிதர். திட்டிவிட்டு, இன்னொரு எலுமிச்சைப் புல்லும் வாங்கி வந்தேன். விடுவதாக இல்லை.

மார்ச் 23, திங்கள்

கசக்கிய இலையை அவன் மேல் தேய்க்கலாமா என்று நர்ஸிடம் கேட்டேன். வேண்டாம் என்றார். எரிந்தாலும் உடம்பு அவனுக்குச் சொல்லாதே! எனவே தலையணை உறையின் ஓரத்திலும் விரிப்பின் விளிம்பிலும் தேய்க்கிறேன். நான்கு மணிக்கு ஒருமுறை, ஆறு மணிக்கு ஒருமுறை. கையெல்லாம் எலுமிச்சை வாசம். இன்று கடையில் முதலாளியம்மா, "என்ன சோப்பு போடற?" என்று கேட்டார்.

மார்ச் 31, செவ்வாய்

நான்கு கடி.

ஏப்ரல் 7, செவ்வாய்

இரண்டு. எது பலித்தது? செடியா, கசக்கிய இலையா, தண்ணீரைக் கொட்டியதா? தெரியவில்லை. தண்ணீர்தான் என்று தம்பி அடித்துச் சொல்கிறான். எதையும் நிறுத்தமாட்டேன் என்று நானும் சொல்லிவிட்டேன்.

இல்லத்தைப் பற்றி அவன் பேசி இரண்டு வாரமாகிறது. நானாகக் கிளறவில்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

மிச்சமிருக்கும் அந்த இரண்டு கடியையும் விட்டுவிட அவனுக்கு மனமில்லை. எதிர்வீட்டு டீச்சரைக் கூப்பிட்டுவரச் சொன்னான். பணி ஓய்வு பெற்றவர், மதியங்களில் அவனுக்குத் துணையிருப்பவர். வந்ததும், "எழுதிக்குங்க டீச்சர்" என்றான்.

"இந்தத் தெருவுல எந்த மொட்டை மாடியில என்ன கெடக்குன்னு எனக்குத் தெரியும். கம்பத்து மேலேருந்து எத்தனை வருஷம் பாத்திருக்கேன்! மூணாவது வீட்டுல உடைஞ்ச தொட்டி. மூலை வீட்டுல டயர், நாலு. தச்சர் வீட்டுல பழைய குளியல் டப்..."

டீச்சர் வேகமாக எழுதினார். மாணவி மாதிரி, "கொஞ்சம் மெதுவா" என்றார்!

டீச்சரும் நானும் வீடு வீடாக ஏறினோம். சிலர் முறைத்தார்கள். ஒரு வீட்டில் கதவே திறக்கவில்லை. ஆனால் அவன் சொன்ன ஒன்பது இடத்தில் ஏழில் புழு. டயர் இப்போது நாலு இல்லை, ஆறு.

வந்து சொன்னேன். "ரெண்டு புதுசா?" என்று கோபப்பட்டான். அவன் கோபப்பட்டு எவ்வளவு நாளாயிற்று!

ஏப்ரல் 13, திங்கள்

கதவைத் திறக்காத வீட்டுக்காரருக்குக் கடிதம் எழுதவேண்டுமாம். அவன் சொல்ல டீச்சர் எழுதுகிறார். என்னிடம், "நீ தலையிடாதே" என்கிறார்கள்.

ஏப்ரல் 28, செவ்வாய்

இதைக் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மணி ஆறேகால். மாலையில் துணி வெட்டும் வகுப்பு எடுக்கிறாயா என்று முதலாளியம்மா கேட்டார், சரி என்றுவிட்டேன். இன்று முதல் நாள்.

கிளம்பும்போது கதவருகே நின்றேன். இனி மாலையிலும் துணையிருக்க ஒப்புக்கொண்ட டீச்சர் தலையணை உறையில் இலையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"போக்கா, பஸ் போயிடும்" என்றான் தம்பி. அப்புறம் டீச்சரிடம், "இவ இப்படித்தான், நின்னுட்டே இருப்பா."

வெளியே இருட்டத் தொடங்கிவிட்டது. ஆறு பெண்கள் கத்திரிக்கோலோடு காத்திருக்கிறார்கள். போகவேண்டும்.