யாருடைய சாண்?

மாத்தளை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள ஆதிபாவின் வாப்பாவுக்கு மஸீனா எழுதுவது. ஸலாம். இங்கே நானும் பிள்ளையும் சுகம். டோஹா வெயிலில் நீங்களும் சுகமாக இருக்கத் துஆச் செய்கிறேன்.

போன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று யோசிப்பீர்கள். போனில் நான் பாதி சொல்வதற்குள் “சரி சரி, விளங்குது” என்று வைத்துவிடுவீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. பக்கத்து வீட்டு ஸஜீதாவின் கணவர் லீவு முடிந்து அங்கே திரும்புகிறார். கறித்தூள் பார்சலோடு இதையும் அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். கடைசி வரி வரைக்கும் வாசியுங்கள்.

ஆதிபாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. போனில் வாயைத் திறந்து காட்டச் சொன்னால் மாட்டாளாம், வாப்பா வந்தால்தான் காட்டுவாளாம். பிடிவாதம் யாருடையது என்று நான் சொல்லத் தேவையில்லை.

விஷயம் நம் பஸ்தான். பின்பக்கம் பதிந்துபோய் லக்கலப் பாதையில் கல்லில் உரசுகிறது என்று நம் டிரைவர் இராயப்பன் அண்ணன் சொன்னதும், விற்றுவிடச் சொன்னீர்கள். கலேவெலயிலிருந்து வாங்குவதற்கு ஆளையும் அனுப்பினீர்கள். பஸ்ஸே இல்லாவிட்டால் ஊருக்கு வந்து என்ன செய்வது, இங்கேயே இன்னும் இரண்டு வருட வேலைக்குக் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன் என்றீர்கள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

விற்பதானாலும் நிமிர்த்தி விற்கலாம் என்று இராயப்பன் அண்ணன் உங்களிடம் உயரம் கேட்டார் இல்லையா? பின் அச்சுக்கும் சேஸிக்கும் நடுவில் ஒரு சாண் இருக்க வேண்டும் என்றீர்கள். அவர் தன் கையை வைத்து அளந்து உயர்த்தினார். அந்த மனுஷனின் கை எவ்வளவு பெரியது என்று உங்களுக்குத் தெரியும்தானே? பஸ் மாரியம்மன் கோயில் தேர் மாதிரி உயர்ந்து நின்றது. அடியில் பஸ்ஸைத் தாங்கும் காற்றுப்பைகள் இறுகி, வளைவுக்கு வளைவு ஆடி, றிவர்ஸ்டன் ஏற்றத்தில் டீச்சர்மார் இரண்டு பேருக்கு வாந்தி. பார்க்க வந்த கலேவெலக்காரர் ஒரு பள்ளத்தில் பஸ் தூக்கிப் போட்டதில் தலையை இடித்துக்கொண்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று போய்விட்டார். பாவம்தான். ஆனால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

“ஹாஷிம் தம்பி சொன்ன மாதிரி சாண் வச்சுத்தானே அளந்தேன்” என்று இராயப்பன் அண்ணன் புலம்பினார். யாருடைய சாண் என்று நான் கேட்டேன். அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உங்கள் சாண் எவ்வளவு என்று இந்த மாத்தளையிலேயே எனக்குத்தான் தெரியும். நம் குசினி ராக்கையைத் தட்டுக்குத் தட்டு ஒரு சாண் என்று அளந்து அடித்தவர் நீங்கள்தானே! பெரிய போத்தல் ஒன்றுகூட அதில் நிமிர்ந்து நிற்காது என்று எத்தனை தடவை சண்டை பிடித்திருப்பேன்! தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் நூல் பிடித்து வெட்டி எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போனேன்.

மெக்கானிக் ஜெயக்காந்தன் பாஸ் நூலைப் பார்த்து முதலில் சிரித்தார். பிறகு பஸ்ஸைச் சமதரையில் நிறுத்தி, டயருக்குக் கட்டை போட்டு, டேங்கில் காற்று நிரம்பும்வரை எஞ்சினை ஓட விட்டார். “பைக்கு ஒரு கொறையும் இல்லக்கா, உயரத்தப் புடிச்சு வைக்கிற வால்வ் கம்பியோட நட்டுத்தான் இளகியிருந்திருக்கு. அதான் மொதல்ல பதிஞ்சிருக்கு” என்றார். இராயப்பன் அண்ணன் நீட்டி வைத்திருந்த கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். ஸ்ஸ் என்று காற்று வெளியேற, பஸ் மெல்ல இறங்கியது. அது ஓயும்வரை காத்திருந்து இரண்டு பக்கமும் நூலைப் பிடித்துப் பார்த்து, நட்டை இறுக்கினார். நூலுக்குச் சரியாக வந்து நின்றது. நீங்களே அடியில் கைவைத்து அளந்த மாதிரி இருந்தது எனக்கு. எல்லார் முன்னாலும் அழுதுவிட்டேன். தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

இப்போது ஆட்டமும் இல்லை, உரசலும் இல்லை. அதுதான் வினையாகிப்போனது. கலேவெலக்காரர் கேள்விப்பட்டு வியாழக்கிழமை திரும்பி வந்தார். ஓட்டிப் பார்த்துவிட்டு அப்போதே சாவியைக் கேட்டார்.

நான் கொடுக்கவில்லை. பஸ் விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். “வீட்டுக்காரரக் கேட்டுட்டுச் சொல்லுங்க” என்றார். “கேக்கத் தேவையில்ல, அவர்தான் வந்து ஓட்டப் போறாரு” என்றேன். வாயில் வந்துவிட்டது. நீங்கள் அப்படி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். என்னைப் பொய்க்காரி ஆக்குவதும் ஆக்காததும் உங்கள் பொறுப்பு.

உங்களைக் கேட்காமல் செய்தேன். கோபம் வரும், வரட்டும். ஆனால் அந்தக் கோபத்தை அங்கே வைத்துத் தீர்த்துவிடாதீர்கள். வீட்டுக்கு வந்து என் முன்னால் நின்று கோபப்படுங்கள். எவ்வளவு நேரமானாலும் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருப்பேன்.

வரும் வழியை அல்லாஹ் உங்களுக்கு லேசாக்கித் தருவானாக.

உங்கள்,
மஸீனா.