சூடு தேடிய நாற்பது

மார்ச் 3

இன்று மேலிடத்து விருந்தினர்களுக்குச் செயல்விளக்கம். இடிபாட்டில் சிக்கியவர்களைத் தேட, உள்ளங்கையளவு இயந்திரங்கள், நாற்பது. தலைவன் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் இரண்டே விதி: சூடு தெரிகிற பக்கம் நகர், கூட்டாளிகள் கூடும் இடத்தில் நீயும் கூடு. செங்கல் குவியலுக்குள் வெந்நீர்ப் பையை ஒளித்து வைத்தோம். நாற்பதும் போய் மொய்த்தன. கைதட்டல். வழக்கம்போல் கைதட்டல் வந்ததும் நிறுத்திவிட்டேன்; பேட்டரி மிச்சம்.

இயக்குநர் பூரித்துப்போனார்: "சொல்றதுக்கு ஆளே இல்லாம வேலை நடக்குது பாருங்க!" எங்கள் அலுவலகத்தில் சொல்வதற்கு ஆள் நிறைய. மீதியை எழுத வேண்டாம்.

தம்பி போனில் கேட்டான்: "அக்கா, உன் கரப்பான்பூச்சிங்க எல்லாம் சௌக்கியமா?" சுரங்கப்பாதையில் மின்கம்பி இழுக்கிறவனுக்குக் கம்பியைவிட வாய் நீளம்.

மார்ச் 9

சுரங்கப்பாதை சரிந்துவிட்டது. உள்ளே இரண்டு பேர். ஒருவர் வெல்டர். இன்னொருவன் என் தம்பி.

மார்ச் 10

காற்றுக் குழாய் வழியாக நாற்பதையும் உள்ளே விட்டேன். மதியத்துக்குள் எல்லாம் இடதுபுறம் ஒரே இடத்தில் கூடிவிட்டன. தம்பி மனைவி என் கையை விடவே இல்லை.

"அண்ணி, கண்டுபிடிச்சிருச்சுல்ல?"

"கண்டுபிடிச்சிருச்சும்மா."

மீட்புக் குழுத் தலைவர் அங்கேயே துளையிடச் சொன்னார்.

மார்ச் 11

துளை திறந்தது. ஆள் இல்லை. என் இயந்திரங்கள் மட்டும், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு.

ஓடி ஓடி மோட்டார் சூடேறியிருக்கிறது. ஒன்றின் சூட்டை மற்றது மனிதன் என்று நம்பியிருக்கிறது. கூடக் கூடச் சூடு; சூடு ஏற ஏறக் கூட்டம். தீர்மானம் நிறைவேற்றாததுதான் குறை.

ஆய்வகத்தில் இது ஏன் தெரியவில்லை? சூடேறும் வரை நான் அவற்றை ஒருநாளும் ஓடவிட்டதில்லை. கைதட்டினார்கள், நிறுத்தினேன்.

ஐயோ, ஒரு நாள் போச்சே. முழுசா ஒரு நாள்.

மார்ச் 12

விதிகளை மாற்றினேன். கூட்டாளியின் சூட்டை நம்பாதே, அதை நெருங்காதே. ஆனால் அதன் குரல், அதாவது அது அனுப்பும் சிக்னல், கேட்காத தூரத்துக்கும் போகாதே.

"இனிமே மெஷினே வேணாம்மா" என்றார் தலைவர்.

"இந்த ஒரு தடவை சார். உள்ள இருக்கறது என் தம்பி சார்."

கெஞ்சுவது எனக்கு இவ்வளவு நன்றாக வரும் என்று இதுவரை தெரியாது.

உள்ளே போனவை ஒன்றன்பின் ஒன்றாக, குரலெட்டும் தூரத்தில் நின்றுகொண்டே போயின. திரையில் ஒரு சங்கிலி. சங்கிலி போடு என்று நான் எங்கேயும் எழுதவில்லை. கடைசி இயந்திரம் வலதுபுறம், வெகு உள்ளே. அதன் மைக்கில் — டக். டக் டக்.

தலைவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஓடினார்.

மார்ச் 13

தம்பியைத் தூக்கி வந்தார்கள். என்னைப் பார்த்து வாயை அசைத்தான், சத்தம் வரவில்லை. வெல்டரையும் கொண்டு வந்தார்கள். முகத்தை மூடியிருந்தார்கள்.

மார்ச் 16

தம்பி பேசுகிறான். ஊரெல்லாம் எனக்கு வாழ்த்து.

மாலையில் வெல்டரின் மனைவி வந்து அவன் கட்டிலருகே நின்றார். என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு அவனிடம் கேட்டார்: "கடைசியா என்ன தம்பி சொன்னாரு?"

அவன் போர்வையைத் தடவிக்கொண்டே அந்தம்மாவிடம் சொன்னான்:

"தோண்டுற சத்தம் கேக்குதுடா, ஆனா இந்தப் பக்கம் வரவே மாட்டேங்குதேன்னாரு, அக்கா. அப்புறம் பேசல."

எழுந்து ஜன்னலைச் சாத்தப் போனேன். அது சாத்தித்தான் இருந்தது.