ராணியின் சிப்பாய், இரண்டு கட்டம்

தென்காசி
14.07.2025

அன்புள்ள அத்தானுக்கு,

ஸ்ரீமதி எழுதுவது. நானும் அத்தையும் நலம். நீங்களும் நலம் என்று எழுதினால் நம்பமாட்டேன். புதன்கிழமை ஜெயிலில் மனு போட்டுப் பார்க்க வந்தபோது கம்பிக்கு அந்தப் பக்கம் சட்டை மட்டும் நின்றதுபோல் இருந்தது. “அவன் சோத்தை அப்படியே வச்சிருதானாம்ட்டி, கூட இருக்கவன் சொல்லி விட்டிருக்கான்” என்று அத்தை அழுதுகொண்டே இருக்கிறார்கள்.

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டது. கடையில் ரம்புட்டானும் மங்குஸ்தானும் வந்து இறங்கியிருக்கின்றன. நேற்று வெள்ளம் அதிகமாகி ஐந்தருவியில் குளிக்கத் தடை போட்டதால் கூட்டமே இல்லை. பழப்பெட்டியின்மேல் சதுரங்கப் பலகையை வைத்து, போனைப் பார்த்துப் பழகினேன்.

கடிதத்தில் நாம் ஆடிய போன ஆட்டத்தைப் பற்றிக் கேட்கிறேன். வழக்கம்போல ராஜாவின் முன்னால் இருந்த சிப்பாயை நகர்த்தினேன். நீங்கள் உங்கள் ராஜாவுக்கு ஒரே பக்கத்தில் இருந்த சிப்பாய்கள் இரண்டையும் முன்னே தள்ளிக் கதவைத் திறந்துபோட்டீர்கள். மூன்றாவது நகர்த்தலில் என் ராணி வந்து ஆட்டத்தை முடித்துவிட்டாள். என்னைப் பத்து வருடமாகத் தோற்கடித்த மனிதருக்கு அது தெரியாதா? கடிதத்தின் கீழே “இனி ஆட்டம் வேண்டாம்” என்று வேறு எழுதியிருந்தீர்கள்.

புளியரை வளைவில் உங்கள் வேனில் அடிபட்டு அந்தப் பெரியவர் இறந்தார். அதற்குக் கோர்ட்டு தண்டனை கொடுத்தது, அனுபவிக்கிறீர்கள். அதற்குமேல் ஒரு தண்டனையை நீங்களே போட்டுக்கொள்ள உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

அதனால் வெள்ளைக்குப் புது ஆரம்பம் ஒன்று பழகியிருக்கிறேன். மூன்று நாள் தப்பாகவே ஆடினேன். ராஜாவின் சிப்பாயை அவசரமாக நகர்த்தி என் மந்திரியை நானே உள்ளே பூட்டிக்கொண்டேன். மந்திரி முதலில் வெளியே வரவேண்டும் என்பது நேற்றுத்தான் பிடிபட்டது. இதில் என் குதிரை ராணியின் பாதையை மறித்து நிற்கும். நீங்கள் கதவைத் திறந்துபோட்டாலும் அவளால் ஓடி வர முடியாது. சாவகாசமான ஆட்டம், நாற்பது நகர்த்தலாவது போகும்.

எழுத்தும் எண்ணுமாக எழுதியதை ஏதோ ரகசியக் குறி என்று அங்கே ஒருமுறை நிறுத்திவைத்தார்களே, அதனால் வார்த்தையிலேயே எழுதுகிறேன். ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாய், இரண்டு கட்டம்.

இனி உங்கள் முறை. மாதம் இரண்டு கடிதம் போய் வந்தாலும், மிச்சமிருக்கும் பதினாறு மாதத்தில் இந்த ஆட்டம் முடியாது. பாக்கியை வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்து ஆடிக்கொள்ளலாம். ஜெயிக்க வேண்டாம், அத்தான். சாப்பிட்டுவிட்டு ஒரு காயை நகர்த்துங்கள், போதும்.

காசி விசுவநாதர் உங்களை எனக்காக வைத்திருக்கட்டும்.

உங்கள் பதிலுக்காகத் தபால்காரரின் வழி பார்த்திருக்கும்,
ஸ்ரீமதி