வழக்கொழிந்த சொல்

குருசுக்குப்பம், பாண்டிச்சேரி
12-8-1979

பாரீஸ் மாமாவுக்கு,

விவாகரத்துப் பேப்பர்ல கையெழுத்துப் போடாததுக்கு என்னை 'ஒர்கெய்யோஸ்'னு பிரெஞ்சுல திட்டியிருக்கீங்க. திமிர் பிடிச்சவளாம்! உறைமேல விலாசம் எழுதின பொம்பளைக் கையெழுத்து யாரோடதுன்னு நான் கேக்கலை.

நான் வேலை செய்யிற லைப்ரரியில பெரிய இங்கிலீஷ் அகராதியைப் பிரிச்சுப் பாத்தேன். உங்க சொல்லைத்தான் இங்கிலீஷ்காரன் பல நூறு வருஷத்துக்கு முன்னாடி பிரெஞ்சுலேருந்து வாங்கி, 'ஆர்குலஸ்'னு பேரை மாத்தி, ஆசையாப் பேசியிருக்கான். அப்புறம் சலிச்சுப்போய் விட்டுட்டான். இப்ப பக்கத்துலயே 'வழக்கொழிந்தது'ன்னு குறிச்சு வச்சிருக்காங்க.

நீங்களும் மேரியில, அதான் நம்ம முனிசிபல் ஆபீசுல, எனக்குப் பிரெஞ்சுப் பேரு வச்சுத்தானே கல்யாணத்தைப் பதிஞ்சீங்க? ஆனா என் பேருக்குப் பக்கத்துல 'வழக்கொழிந்தது'ன்னு எழுத ஒருத்தரையும் விடமாட்டேன்.

கையெழுத்துதானே வேணும்? இந்தாங்க, கடிதத்துல போட்டிருக்கேன்.

உங்க பொண்டாட்டி,
ஒர்கெய்யோஸ்