பெரிய வியாழனன்று நீட்டிய வலது கால்

என்னங்க, என் அன்பான வீட்டுக்காரரே,

ஜெயித்துவிட்டோம். சௌக்கியமா, சாப்பிட்டீர்களா என்று கேட்பதெல்லாம் அப்புறம். முதலில் இதைச் சொல்லாவிட்டால் எனக்குத் தலையே வெடித்துவிடும். நுகர்வோர் ஆணையத்தில் தீர்ப்பு நம் பக்கம் வந்துவிட்டது. உங்கள் கால் போனதற்கு அந்த நர்சிங் ஹோம்தான் பொறுப்பு, நஷ்டஈடு தர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

வெளியே வந்ததும் வக்கீலம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். பிறகு ஆட்டோக்காரரிடம் பேரம் பேசாமல் ஏறி உட்கார்ந்து ரெட்டியார்பாளையம் வந்து சேர்ந்தேன். நான் பேரம் பேசவில்லை என்றாலே என் சந்தோஷம் எவ்வளவு என்று உங்களுக்குப் புரியும்.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிக்கப் போகிறார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்த கதையையே ஒருமுறை சொல்லிவிடுகிறேன். வழக்கம்போலக் குறுக்கே பேசாதீர்கள்.

ஈஸ்டருக்கு முந்தின நாள், பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றும் வேனைக் கழுவுகிறேன் என்று ஏணி போட்டு ஏறினீர்கள். பண்டிகைக்கு உங்கள் வேனும் பளபளக்க வேண்டுமாம். வழுக்கி விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. நர்சிங் ஹோமில் மாவுக்கட்டு போட்டுப் படுக்க வைத்தார்கள். சாயங்காலமே, "கட்டு இறுக்குது பிலோ, விரலெல்லாம் மரத்துப்போவுது" என்றீர்கள்.

நான் நர்சைக் கூட்டிவந்து நீலம் பாய்ந்த விரல்களைக் காட்டினேன். "கட்டு போட்டா அப்படித்தாம்மா இருக்கும், மாத்திர குடுத்திருக்கோம்ல" என்றாள். டாக்டர் பண்டிகைக்கு ஊருக்குப் போய்விட்டார். நீங்கள் வலியில் கத்தினீர்கள், நான் கத்தினேன், யாரும் அந்தக் கட்டை வெட்டவில்லை. பண்டிகை முடிந்து டாக்டர் வந்து பிரித்தபோது பாதம் கறுத்துக் கிடந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். காலை எடுத்தால்தான் உயிர் பிழைக்கும் என்று அங்கே சொல்லிவிட்டார்கள்.

வண்டி ஓட்டுகிற மனிதருக்குப் போனது வலது கால். பிரேக்கும் அதுதான், ஆக்ஸிலேட்டரும் அதுதான், நம் வீட்டு அடுப்பு எரிந்ததும் அதனால்தான்.

நாம் வழக்குப் போட்டோம். அதற்கு அவர்கள் தந்த பதிலை வக்கீலம்மா சாரம் பகுதியில் இருக்கும் தன் ஆபீசில் நமக்குப் படித்துக் காட்டியது ஞாபகம் இருக்கிறதா? சர்க்கரை நோயாளியான நீங்கள் வலது பாதத்தில் பல மாதங்களாகப் புண்ணை வைத்துக்கொண்டு கவனிக்காமல் விட்டீர்களாம். அது ஏற்கெனவே உணர்ச்சி செத்த காலாம். கட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லையாம்.

உங்களுக்குச் சர்க்கரை இருந்தது உண்மை. புண் எங்கே இருந்தது? காலை எடுத்தபோதுகூட என்னைப் பார்த்துக் கண்ணடித்த மனிதர் நீங்கள், அன்று வீடு வரும்வரை மிச்சக் காலை வேட்டியால் இழுத்து இழுத்து மூடிக்கொண்டே வந்தீர்கள். படியில் ஊன்றுகோலைச் சாத்திவிட்டுச் சொன்னீர்கள்: "காசு வருதோ வரலியோ, எங் கால நானே அழுக வுட்டேன்னு சொல்றான் பாரு, அத மட்டும் பொய்யின்னு சொல்ல வச்சிடு பிலோ."

அதைக் காதால் கேட்காமலே போய்விட்டீர்கள். ஒரு நெஞ்சுவலி, அவ்வளவுதான். துக்கத்துக்கு வந்த உங்கள் தம்பியே, "ஆளே போயிட்டாரு, இன்னும் கேஸ் எதுக்கு அண்ணி?" என்றார். "ஆள் போயிட்டாரு, அவரு பேரு இங்கதான கெடக்குது?" என்றேன். உங்கள் இடத்தில் என் பெயரைச் சேர்த்து வக்கீலம்மா வழக்கைத் தொடர்ந்தார்.

ஆனால் அந்தப் பொய்யை எதைக் கொண்டு உடைப்பது? பெண்டாட்டி சொல்வதை யார் சாட்சியாக மதிப்பார்கள்? நானும் ஜெபமாலையை உருட்டிக்கொண்டே யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

அடுத்த வருடம், ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் வந்தது. கோயிலில் பூசை. இயேசு தம் சீடர்களின் காலைக் கழுவிய நினைவாக, பன்னிரண்டு பேரைப் பீடத்துக்கு முன்னால் உட்காரவைத்து, ஃபாதர் முழங்கால் போட்டு ஒவ்வொருவர் காலாகக் கழுவித் துடைத்து முத்தமிட்டார். எல்லாரும் வலது காலை நீட்டியிருந்தார்கள். பார்த்துக்கொண்டே இருந்த எனக்குச் சுரீர் என்றது. நீங்கள் விழுவதற்கு இரண்டு நாள் முன்னால் இதே வரிசையில் உட்கார்ந்திருந்தீர்களே! நான் அப்படியே எழுந்து நின்றுவிட்டேன். பின் வரிசையில் இருந்த ஒரு அம்மா என் சேலையைப் பிடித்து இழுத்து, "உக்காரு பிலோமினா, இன்னும் எழுந்துக்குற நேரம் ஆவல" என்றாள்.

போன வருடம் அந்த வியாழன் காலையில் உங்கள் காலைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவியவள் நான்தானே. ஃபாதர் முத்தம் கொடுக்கிற காலில் வெடிப்பு இருந்தால் யாருக்கு அவமானம்? "இன்னா பிலோ, இது காலா, கருவாட்டுச் சட்டியா? எலும்பு வந்துடப் போவுது" என்று நீங்கள் அலறினீர்கள். இது எப்படி நம் இருவருக்குமே இத்தனை நாள் தோன்றாமல் போனது?

கோயில் பிள்ளைகள் அந்தப் போன வருடப் பூசையை யூடியூபில் நேரலையாகப் போட்டிருந்தார்கள். அது இன்னும் அங்கேயே இருந்தது. ஃபாதர் உங்கள் முன்னால் குனிகிறார். கேமரா கிட்டே போகிறது. சுத்தமான கால், ஒரு கீறல்கூட இல்லை. தண்ணீர் பட்டு, அவர் கை உள்ளங்காலில் பட்டதும் உங்கள் ஐந்து விரலும் மடங்குகின்றன. நீங்கள் கூச்சம் தாங்காமல் கோயிலே கேட்கிற மாதிரி சிரிக்கிறீர்கள். பிறகு, வேனிலிருந்து இறங்குகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் பிரெஞ்சில் நன்றி சொல்வீர்களே, அதே குரலில், "மெர்சி ஃபாதர்."

உங்கள் குரலைக் கேட்டு நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். வாய்விட்டுத்தான் அழுதேன். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு சாரத்துக்கு, வக்கீலம்மா ஆபீசுக்கு, பஸ் ஏறினேன்.

ஆணையத்தில் அதைத் திரையில் போட்டார்கள். உங்கள் சிரிப்பு அந்த அறை முழுக்கக் கேட்டது. தலைவர், "இன்னொரு தடவ போடுங்க" என்றார். எதிர்தரப்பு வக்கீல் என்னிடம் திரும்பி, "இது வலது கால்தான்னு எப்படிம்மா சொல்றீங்க? வீடியோல எடம் வலமாத் திரும்பியிருக்கலாம்ல?" என்று கேட்டார்.

"கழுவுறதுக்கு வலது கால்தாங்க நீட்டணும், எங்க கோயில்ல அதான் வழக்கம். பன்னெண்டு பேரும் ஒரே காலத்தான் நீட்டியிருக்காங்க. பீடத்துக்கு மேல எழுதியிருக்குதே, அந்த எழுத்து நேராத்தான தெரியுது? எழுத்து திரும்பாம கால் மட்டும் எப்படிங்க திரும்பும்?" என்றேன். அவர் உட்கார்ந்துவிட்டார். நீங்கள் அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

சாட்சி சொல்ல வந்திருந்த பெரிய ஆஸ்பத்திரி டாக்டரிடம் தலைவர் கேட்டார். உணர்ச்சி செத்த கால் இப்படிக் கூசாது, கட்டு இறுக்கி ரத்த ஓட்டம் நின்றதால்தான் இந்தக் கால் போனது, விரல் நீலமானபோதே கட்டை வெட்டியிருந்தால் பிழைத்திருக்கும் என்று அவர் தெளிவாகச் சொன்னார்.

பூசையில் சிரித்ததற்கு அன்று உங்களை வீடு வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தேன், "கோயில்ல இன்னா இளிப்பு வேண்டிக் கெடக்குது?" என்று. அந்தத் திட்டை மட்டும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். மற்றவையெல்லாம் அப்படியே இருக்கின்றன.

தீர்ப்பில் நீங்கள் கேட்டது இருக்கிறது. நோயாளியிடம் எந்தக் கவனக்குறைவும் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். ஆட்டோவிலிருந்து இறங்கிய கையோடு கல்லறைக்கு வந்து அந்த வரியை உங்களிடம் சத்தமாகப் படித்தேன், கேட்டீர்களா? உங்கள் தம்பியையும் பக்கத்தில் நிறுத்தி வைத்துத்தான் படித்தேன். அப்பீல் போவார்கள் என்கிறார் வக்கீலம்மா. போகட்டும். அங்கேயும் உங்களைச் சிரிக்க வைப்பேன்.

இன்னொரு சேதி. இப்போது பெண்களும் அந்தப் பன்னிரண்டு பேரில் உட்காரலாம். வருகிற பெரிய வியாழனுக்கு உங்கள் இடத்தில் என்னை உட்காரச் சொல்லி ஃபாதரே கேட்டார். சரி என்றுவிட்டேன். தேங்காய் நாரால் நானே தேய்த்துக் கழுவிக்கொண்டு போய் வலது காலை நீட்டுவேன். கூச்சம் வந்தால் அடக்க மாட்டேன். உங்களைப் போலவே, கோயிலே கேட்கிற மாதிரி சிரிப்பேன். இது சத்தியம்.

உங்களைத் திட்டவும் உங்களோடு சிரிக்கவும் உரிமை உள்ள ஒரே பெண்டாட்டி,
பிலோமினா