காலையில் இரண்டு முறை வெந்நீர்

மார்ச் 4

அப்பா இன்றும் ஸ்மார்ட் மீட்டர் வைக்க விடவில்லை.

ஊர் முழுக்கப் புது மின்கட்டமைப்பு வந்துவிட்டது. எந்தக் கூரையில் வெயில் மின்சாரம் மிச்சம், எந்தத் தெருவுக்கு எப்போது தேவை என்று மீட்டர்களே தங்களுக்குள் பேசிப் பங்கிட்டுக்கொள்கின்றன. அவை ஒழுங்காகப் பேசுகின்றனவா என்று திரையில் பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் உத்தியோகம். என்னைப் பெற்றவர் வீட்டுச் சுவரிலோ, தட்டு சுற்றுகிற பழைய டப்பா. அலுவலகத்தில் என் மானம் எந்த உயரத்தில் பறக்கிறது என்று சொல்லவும் வேண்டுமா?

போன் போட்டேன். "வந்தவங்களத் திருப்பி அனுப்பிட்டீங்களாமேப்பா?"

"நான் எப்போ துணி துவைக்கிறேன்னு உன் கம்பெனிக்கு எதுக்கும்மா தெரியணும்?"

"அதையெல்லாம் யாருப்பா உக்காந்து பாக்கப் போறாங்க?"

"நீ பாப்ப."

டக்கென்று வைத்துவிட்டார்.

மார்ச் 13

மீட்டர் வைத்தாயிற்று! வீடு வீடாகப் போய் மீட்டர் மாட்டும் எங்கள் பிட்டர்களில் ஒரு அம்மா இருக்கிறார். ஐம்பதைத் தாண்டியவர், கணவர் இல்லை, மகள் வெளியூரில். வேலையில் ஒரு ஸ்க்ரூ கோணலாக இருந்தாலும் கழற்றிவிட்டு மறுபடி போடுவார் என்பதால் எல்லாரும் 'கறார் அம்மா' என்பார்கள். கடைசி அஸ்திரமாக அவரை அனுப்பினேன். திரும்பி வந்தவரிடம் எப்படிச் சாதித்தீர்கள் என்று கேட்டேன்.

"வாசல்லயே நிக்க வெச்சுச் சட்டம் பேசினாரு மேடம். 'நீங்க சொல்றது நியாயம்தான் சார், நானே என் வீட்டுல இன்னும் வெக்கலை'ன்னேன். உடனே உள்ள கூப்பிட்டு டீ போட்டுக் குடுத்தாரு. குடிச்சிட்டு வெச்சிட்டு வந்துட்டேன்."

எங்கள் ஆளே வைத்துக்கொள்ளவில்லையாம். நல்லா இருக்கு கம்பெனி.

மார்ச் 20

பார்த்துவிட்டேன்.

நான் கவனிக்கும் தெருக்களில் அப்பாவின் தெருவும் ஒன்று, அதனால் அவர் மீட்டரின் கோட்டைத் திரையில் திறந்தது. அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன். காலையில் ஹீட்டர் ஒரு மேடு. அப்புறம் டீ கெட்டில். சாயங்காலம் டிவி, நீளமாகத் தட்டையாக. அம்மா போனபிறகு அவர் எப்படி நாளை ஓட்டுகிறார் என்று கவலைப்பட்டதுண்டு. இதோ ஓட்டுகிறார், கோடு போட்டு.

ஏப்ரல் 9

அப்பாவுக்குப் போன் பண்ணவேண்டும் என்று நினைத்தேன். திரையைத் திறந்தேன். கெட்டில் போட்டிருக்கிறார். சரி, நன்றாகத்தான் இருக்கிறார்.

ஏப்ரல் 17

அதே.

மே 2

ஞாயிற்றுக்கிழமைகளில் ஹீட்டர் இரண்டு முறை ஓடுகிறது. இந்த வாரம் புதன்கிழமையும்.

தம்பியைக் கூப்பிட்டேன். "ரெண்டு தடவ குளிக்கிறாரோ என்னவோ?" என்றான்.

"அந்த மனுஷனா? ஒரு தடவ குளிக்க வெக்கவே அம்மா படாத பாடு பட்டாங்க."

"மீட்டர் ரிப்பேரா இருக்கும்க்கா."

கறார் அம்மா வைத்த மீட்டர் ரிப்பேராக இருக்காது. அது மட்டுமல்ல, இரண்டாவது வெந்நீருக்குப் பிறகு கூர்மையாக ஒரு குட்டி மேடு. இந்த மாதிரி மேடுகளைப் பார்த்துப் பார்த்தே எனக்குக் கண்ணாடி வந்தது. அது ஹேர் டிரையர்.

அப்பாவுக்குத் தலையில் முடியே கிடையாது.

மே 10, ஞாயிறு

எழுதவே கூச்சமாக இருக்கிறது.

பழம் வாங்கிக்கொண்டு, ஏதோ அந்தப் பக்கம் வந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, நானும் தம்பியும் அப்பா வீட்டு மணியை அடித்தோம். கதவைத் திறந்தது கறார் அம்மா. தலையில் துண்டு சுற்றியிருந்தார். நான் பழப்பையை நீட்டினேன், ஏன் நீட்டினேன் என்று தெரியவில்லை. அவரும் வாங்கிக்கொண்டார்.

அப்பா பின்னாலேயே வந்தார். சட்டை இஸ்திரி போட்டது! பதறவில்லை. "உக்காருங்க, நானே சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றார். அந்த இடத்தில் எல்லாம் சுமுகமாக முடிந்திருக்கும். "எப்படித் தெரிஞ்சுது?" என்று சும்மாதான் கேட்டார். என் அருமைத் தம்பி வாயைத் திறந்தான்.

"அக்காதான் மீட்டர்ல பாத்தா."

அப்பாவின் முகம் மாறுவதற்கு முன்பே அந்த அம்மாவின் முகம் மாறியது. தலையில் இருந்த துண்டை அவர் மெதுவாக அவிழ்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். மீட்டரை வைத்த கை அவருடையது இல்லையா.

"நான் என்ன திருடனாம்மா, வேவு பாக்க?" என்றார் அப்பா. கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். "ஒரு போன் பண்ணியிருந்தா சொல்லியிருப்பேன். நீ கூப்பிட்டே எவ்வளவு நாளாச்சுன்னு தெரியுமா?"

தெரியும். கெட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தேனே, நான் எங்கே கூப்பிட்டேன்!

மே 11

போன் பண்ணினேன். எடுக்கவில்லை.

மே 19

எடுக்கவில்லை. திரையையும் திறக்கவில்லை. சத்தியமாக.

ஜூன் 8

எங்கள் மேலாளருக்கு 'உலகமே' என்று பட்டப்பெயர். எதைப் பேசினாலும் "உலகமே நம்மளப் பாக்குது" என்றுதான் ஆரம்பிப்பார். இந்த முறை உண்மையிலேயே பார்க்க வருகிறது. பல நாட்டு மின்வாரியக்காரர்கள் வருகிறார்கள். எங்கள் அமைப்பு பிடித்துப்போனால், அங்கேயும் வீட்டுக்கு வீடு இதே மீட்டர்தான்.

அவர்களுக்குக் காட்ட 'உலகமே' புதுச் சேவை ஒன்று வைத்திருக்கிறார். பேர் 'பெற்றோர் காவல்'. தனியாக இருக்கும் அப்பா அம்மாவின் மின்சாரப் பழக்கம் மாறினால் பிள்ளைகள் போனுக்குத் தகவல் போகும்.

"ஒரு அற்புதமான உதாரணம் மாட்டியிருக்கு, பாருங்க! வயசானவர், தனி ஆள். திடீர்னு ரெண்டு ஆள் உபயோகம். நம்ம மென்பொருள் தானே கண்டுபிடிச்சிருக்கு!" என்று திரையில் போட்டார்.

பெயர் இல்லை, விலாசம் இல்லை. ஆனால் அந்த ஹேர் டிரையரை எனக்குத் தெரியாதா?

"மேடையில நீங்கதான் விளக்கறீங்க" என்றார்.

ஜூன் 9

இந்த முறை எடுத்தது கறார் அம்மா. விஷயத்தைச் சொன்னேன், வேலையை விட்டுவிடலாமா என்று யோசிப்பதையும். அப்பாவிடம் சொல்லும் குரல் கேட்டது.

"பேச மாட்டேங்கறாரு மேடம். செடிக்குத் தண்ணி ஊத்தப் போயிட்டாரு. தண்ணி ஏற்கெனவே ஊத்தியாச்சு."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"வேலைய விட்டுடாதீங்க. அவரு பாதி நேரம் உங்க வேலைய பத்தித்தான் பெருமையடிக்கிறாரு. ஆனா... என் தலைமுடிய நாலு நாட்டுக்குக் காட்டாதீங்க."

ஜூன் 16

வரிசையாக எழுதுகிறேன்.

அரங்கம் நிறைய ஆள். 'உலகமே' முன் வரிசையில் புன்னகையோடு. அப்பா வீட்டு மின்சாரக் கோட்டைத் திரையிலிருந்து எடுத்துவிட்டு, நேற்றே வேறொரு வீட்டின் கோட்டைப் போட்டு வைத்திருந்தேன்.

"இது என் வீடு" என்றேன். "இங்க பாருங்க, ரெண்டு ரூம்லயும் ஏசி ஓடுது. அன்னிக்கு எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் சண்டை. இது மறுநாள், அன்னிக்கும் ரெண்டு ஏசி. இந்த நாள்ல ஒரே ஏசி. சமாதானம்."

சிரித்தார்கள். நன்றாகவே சிரித்தார்கள்.

"இதுல மாவு பிசையற மெஷின் ஓடவே இல்ல. ஆனா சப்பாத்திய வீட்டுலயே பண்ணினேன்னுதான் மாமியார்கிட்ட சொன்னேன். இது அவங்க போனுக்குப் போகணுமா?"

இன்னும் சிரிப்பு.

"சரி, அடுத்தது உங்க வீட்டுக் கோட்டைப் போடலாம். யாருக்குச் சம்மதம்?"

சிரிப்பு நின்றது. ஒரு கையும் எழவில்லை. 'உலகமே'யின் கை மடியில் கெட்டியாக இருந்தது.

நரைத்த வெட்டு முடியோடு ஒரு அம்மா எழுந்தார். "அப்படின்னா இந்த மீட்டரே வேண்டாம்கிறீங்களா?" என்று கேட்டார்.

"வேணும். இது இல்லாம கூரை மின்சாரத்தைப் பங்கிட முடியாது. ஆனா கட்டமைப்புக்குத் தெருவோட மொத்தத் தேவை தெரிஞ்சா போதும். யார் வீட்டுல யார் குளிச்சாங்கன்னு தெரிய வேண்டியதில்ல. தெருக் கணக்கு எங்ககிட்ட இருக்கட்டும், வீட்டுக் கோட்டோட பூட்டு வீட்டுக்காரங்க கையில இருக்கட்டும்."

அது அழகாகத்தான் வந்தது. அதற்கப்புறம் "நானே என் அப்பா வீட்டைப் பாத்தேன், அதுக்கப்புறம் அவர் எங்கிட்ட பேசறதில்ல" என்றும் சொல்லிவிட்டேன். அதை எழுதி வைத்துக்கொண்டு போகவில்லை. நடுவில் நிறுத்தித் தண்ணீர் குடிக்கவேண்டியதாயிற்று.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர், "நம்ம ஏசி சண்டை எத்தனை நாட்டுக்குப் போயிருக்கு?" என்றார்.

இன்று இரண்டு ஏசி.

ஜூன் 17

என்னைப் புகார்ப் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். ஜன்னல் இல்லாத அறை. நாள் முழுக்கத் திட்டு. பழகிவிடும்.

ஜூலை 21

இன்றைய அதிசயம். வந்து போனவர்களில் பாதிப் பேர் எழுதியிருக்கிறார்களாம்: வீட்டுக்காரர் கையில் பூட்டு இருந்தால் வாங்கத் தயார், இல்லையென்றால் வேண்டாம். 'பெற்றோர் காவல்' மூட்டை கட்டப்பட்டது. 'உலகமே' கூட்டம் போட்டு, "பூட்டுங்கிறது ஆரம்பத்துலேர்ந்தே என் கனவு" என்றார். நானும் கை தட்டினேன். கொஞ்சம் பலமாகவே.

பழைய மேசை திரும்பக் கிடைத்தது. அதன் மேல் யாரோ தேநீர் கொட்டி வைத்திருந்தார்கள்.

ஆகஸ்ட் 12

எல்லா மீட்டரிலும் பூட்டு வந்துவிட்டது. அப்பா போன் பண்ணினார். அவரே!

"பூட்டிட்டேன்."

"நல்லதுப்பா."

"மேடையில நீ பேசினத அவ போன்ல காட்டினா. தண்ணி குடிச்சியே, அந்த இடத்த ரெண்டு தடவ பாத்தோம்." கொஞ்ச நேரம் செருமிக்கொண்டிருந்தார். "சனிக்கிழமை வா. உன் வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வா, சமாதானமா இருந்தா."

செப்டம்பர் 30

அப்பாவும் அந்த அம்மாவும் பதிவு அலுவலகத்தில் கல்யாணக் கையெழுத்துப் போட்டார்கள். தம்பி சாட்சி. அவனை ஒரு வார்த்தை பேசவிடவில்லை.

நவம்பர் 15

மதியம் அப்பா வீட்டுக்குப் போனேன். சொல்லாமல்தான் போனேன், மணியடித்து. அப்பா சாய்வு நாற்காலியில் நல்ல தூக்கம். நேற்றைய புழுதிக்காற்றில் கூரையில் இருக்கும் வெயில் மின்சாரத் தகடுகளெல்லாம் மண். அந்த அம்மா பின்பக்கம் ஏணி போட்டு, ஈரத்துணியோடு மேலே நின்றுகொண்டிருந்தார்.

"வாங்க, வாங்க. இந்த ஏணிய ஒரு நிமிஷம் பிடிங்க, ஆடுது" என்றார்.

பிடித்துக்கொண்டேன். துடைத்து முடித்துவிட்டு, ஒரு கையில் வாளியோடு, பார்க்காமலேயே காலைக் கீழே வைத்தார்.

"சித்தி, பாத்து!" என்றேன்.

அவர் அந்தப் படியிலேயே நின்றார். வாளியிலிருந்து கொஞ்சம் தண்ணீர் என் தோளில் சிந்தியது. திரும்பிப் பார்க்கவில்லை.

"ம். விடாம பிடி" என்றார்.