கொழும்புத்துறைத் தாய்மார் கேட்ட பாடம்

கொழும்புத்துறை, யாழ்ப்பாணம்.
12.02.1973

அன்புள்ள உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நல்ல சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

அரசாங்கம் பள்ளிக்கூடங்களுக்குப் புதிதாகத் தொழிற்பாடம் கொண்டுவந்திருக்கிறது. இது மீன்பிடி ஊர் என்பதால் எங்கள் பள்ளிக்கூட அதிபர் ஏரம்பு ஐயா, வலை பின்னுவதைத் தெரிவு செய்தார். கல்முனையிலிருந்து வந்த எனக்கும் அது சரியென்றே பட்டது. ஆனால் மறுநாளே இருபது தாய்மார் பள்ளிக்கு வந்துவிட்டார்கள். மீன் விற்கும் மீனாம்பிகை என்பவர் முன்னுக்கு வந்து கதைத்தார்.

"வலை பின்ன நாங்கள் வீட்டிலை பழக்குவம். எங்களுக்குத் தெரியாததைச் சொல்லிக் குடுக்கத்தானே ஐயா பள்ளிக்கூடம்?"

அதிபர் தலையாட்டினார். "ஓம், பிழை என்னிலைதான். என்ன படிப்பிக்க வேணும்?"

"கரண்ட் வேலை. பொம்பிளைப் பிள்ளையளுக்கும்."

இப்படிக் கேட்கிற தாய்மாரையும், பிழையை ஒப்புக்கொள்கிற அதிபரையும் நான் வேறெங்கும் கண்டதில்லை. விஞ்ஞான ஆசிரியன் என்பதால் பாடம் என் தலையில் விழுந்தது. முதல் நாளே கரண்ட் என்னை மெல்லத் தட்டியது. பயப்படாதீர்கள், விரல்தான் சிவந்தது. நேற்று மீனாம்பிகையின் மகள் தானே வயர் பூட்டி விளக்கை எரியவைத்தாள். பார்த்துக்கொண்டு நின்ற தாய் உள்ளே வந்து, சுவிச்சைத் தானும் ஒருதரம் போட்டுப் பார்த்தார்.

வயர் வெட்ட வாப்பாவின் குறடு வேண்டும், அனுப்பிவையுங்கள். நீங்கள் இடித்த மிளகாய்த்தூளும் கொஞ்சம். இங்கே கறி ருசிதான், தனியே இருந்து சாப்பிடத்தான் மனம் வருவதில்லை. தம்பியைக் கொண்டு கடிதம் எழுதுவிக்கும்போது, நீங்கள் சொல்வதை அப்படியே எழுதச் சொல்லுங்கள். அவன் சுருக்கிவிடுகிறான்.

மணி அடிக்கிறது, வகுப்புக்குப் போகிறேன்.

உங்கள் மகன்,
தாஹிர்